பட்டாளப் பொம்மைக்குச் சட்டை தைக்கும் டீச்சர்



போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்துக்கு இவ்வளவு கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. தையல் மிஷின் மேல் ஓர் அடி உயரத்துக்கு ஒரு பட்டாளக்காரப் பொம்மை, சட்டை பாதி தைத்தபடி. அவ்வளவுதான் படம். 1996 பேட்ச் பையன் ஒருவன் (பையன் என்ன பையன், அவன் மகளே கல்லூரிக்குப் போகிறாள்) எழுதியிருந்தான்: "டீச்சர், எங்க பாக்கெட்டுல கோலிக்குண்டு இருந்தாலே பிடுங்கி வச்சுக்குவீங்க. இப்ப நீங்களே பொம்மை வச்சு விளையாடுறீங்களா?" என் நாத்தனார், ரிட்டயர் ஆனவர்கள் கோயில் குளம் என்று போவதுதான் முறை என்று ஃபோனிலேயே சொல்லிவிட்டார். மருமகளின் பெரியப்பா மட்டும் வேறு மாதிரி ஒன்று கேட்டார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

இந்தப் பொம்மைகள் என்னுடையவை இல்லை, என் பெரிய மகனுடையவை. பெங்களூரில் வேலை பார்க்கிறான். ஆக்‌ஷன் ஃபிகர் என்று பெயர். நிஜ மனிதனில் ஆறில் ஒரு பங்கு அளவு, அதாவது ஏறக்குறைய 12 அங்குலம். கை, கால், மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் மடங்கும். மேலே போட்டிருப்பது நிஜத் துணி. பையைத் திறந்தால் உள்ளே தண்ணீர்க் குப்பி, கட்டுத்துணி என்று ஒவ்வொன்றும் தனியாக இருக்கும். நல்ல பொம்மை ஒன்று 15,000, 20,000 ரூபாய். விலையைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத வேண்டாம்.

1964-ல் அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்று ஒன்றை விற்க ஆரம்பித்ததில் இருந்து வந்த வகை இது. பார்பி மாதிரி துணி மாற்றும் பொம்மைதான். ஆனால் 'பொம்மை' என்றால் ஆண்பிள்ளைகள் வாங்கமாட்டார்கள் என்று பயந்து 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று புதுப்பெயர் வைத்தார்களாம். என் நாத்தனார் கவலைக்கு 1964-லேயே மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். 1966-ல் இங்கிலாந்தில் ஆக்‌ஷன் மேன் வந்தது. அவையெல்லாம் குழந்தைகளுக்கானவை. 1990-களின் கடைசியில் ஹாங்காங் கம்பெனிகள் இறங்கிய பிறகுதான் பெரியவர்கள் சேகரிக்கிற சரக்காக மாறியது. எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு, எந்த மாதிரிப் பொத்தான் என்பது வரை பார்த்துச் செய்தார்கள்.

நான் உள்ளே இழுக்கப்பட்டது ஒரு கிழிந்த கால்சட்டையால். லீவுக்கு வந்தவன் "அம்மா, இதைக் கொஞ்சம் தைச்சுக் குடு" என்று நீட்டினான். 1981-ல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் கைவேலை என்று ஒரு பாடம். தீப்பெட்டி, தென்னங்குச்சி, பழைய துணி, இதையெல்லாம் வைத்துக் கற்பித்தல் துணைக்கருவி செய்து காட்ட வேண்டும். அந்தக் கை இன்னும் மறக்கவில்லை. ஒரு கால்சட்டை இரண்டாகி, இப்போது அவன் பொம்மைகளின் தையல்காரி நான்தான்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒரு தொல்லை இதில் உண்டு. உடம்பை ஆறில் ஒரு பங்காக்கலாம், துணியை அப்படிச் சுருக்க முடியாது. நிஜச் சட்டைத் துணியில் பொம்மைக்குத் தைத்தால் போர்வையைச் சுற்றிக்கொண்ட மாதிரி விறைத்து நிற்கும். நிஜத் தையலில் அங்குலத்துக்குப் பத்துத் தையல் என்றால் இதில் அறுபது போட வேண்டும், எந்த ஊசியாலும் ஆகாது. அதனால் ஏமாற்று வேலைதான் செய்ய வேண்டும். பத்து வருஷம் துவைத்துத் துவைத்து நைந்து போன துணிதான் இதற்கு நல்ல துணி. மடிப்பை உள்ளே தைக்காமல் பசை போட்டு ஒட்ட வேண்டும். டீத்தூள் தண்ணீரில் நனைத்தால் பழசான நிறம் வரும். முழங்காலிலும் முழங்கையிலும் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். இடுப்பிலும் தோளிலும் போகிற வார்களுக்கு நான் கண்டுபிடித்தது பாவாடை நாடா. மகனின் நண்பர்கள் அதை எந்த வெளிநாட்டுக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டார்களாம்.

இனி, எனக்கும் என் மகனுக்கும் நடந்த சண்டைக்கு வருகிறேன்.

அவன் அலமாரியில் அப்போது பதினோரு பொம்மைகள். ஏழு ஜெர்மானியர்கள், இரண்டு அமெரிக்கர்கள், ஓர் ஆங்கிலேயர், ஒரு ரஷ்யர். "ஏண்டா இத்தனை ஜெர்மன்?" என்றேன். "அதுதாம்மா நிறைய வருது. யூனிஃபார்மும் அழகா இருக்கும்" என்றான். பட்டியல்களைக் காட்டினான். நிஜம்தான், பக்கம் பக்கமாக ஜெர்மன். விற்கிறது, அதனால் செய்கிறார்கள். செய்கிறார்கள், அதனால் வாங்குகிறார்கள்.

அந்த ஏழில் ஒன்று எஸ்.எஸ். சிப்பாய். ஹிட்லர் கட்சியின் சொந்தப் படை அது. மரத்தடி நிழல் மாதிரி புள்ளி போட்ட மேலங்கி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெட்டியில் 'டாஸ் ரைஷ் டிவிஷன், நார்மண்டி, 1944' என்று போட்டிருந்தது. அவர்களுடைய ஒரு கண்காட்சியில் வைப்பதற்காக மகன் அதற்கு ஒரு அட்டை எழுதியிருந்தான். மேலங்கி எந்த வகை அச்சு, எந்த ஆண்டு வந்தது, துப்பாக்கி என்ன மாடல், எல்லாம் இருந்தது. நாற்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவள், சும்மா இருப்பேனா? "டிரெஸ் சரி. இவன் என்ன செஞ்சான்னு எங்கே?" என்றேன்.

அந்த டிவிஷன் நார்மண்டிக்குப் போகிற வழியில், 1944 ஜூன் 10-ஆம் தேதி, பிரான்சில் ஒராதூர் சூர் க்ளான் என்ற கிராமத்துக்குள் நுழைந்தது. ஆண்களைக் கொட்டகைகளில் அடைத்துச் சுட்டார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் தேவாலயத்துக்குள் பூட்டித் தீ வைத்தார்கள். இறந்தவர்கள் 640 பேருக்கு மேல். எரிந்த ஊரை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள், இன்றும் பார்க்கலாம். 1946-ல் நியூரம்பர்க் நீதிமன்றம் எஸ்.எஸ். அமைப்பையே குற்றவாளி அமைப்பு என்று அறிவித்தது.

"அம்மா, நான் என்ன ஹிட்லர் கட்சியா? எனக்கு இது துணி, டிசைன், அவ்வளவுதான்" என்றான். அவன் ஹிட்லர் கட்சி இல்லை என்று பெற்றவளுக்குத் தெரியாதா? அந்தப் பொம்மையைத் தூக்கிப் போடு என்றும் நான் சொல்லவில்லை. வில்லனை நீக்கிவிட்டு வரலாறு சொல்ல முடியாது. என் கேள்வி வேறு. பொத்தானில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ராத்திரி தூங்காமல் புலம்புகிறவர்கள், அந்தச் சட்டையைப் போட்டவன் செய்த வேலையை மட்டும் 'அரசியல் பேசாதீங்க' என்று தள்ளிவிடுவது என்ன துல்லியம்? 'துல்லியமான வரலாற்றுப் பொம்மை' என்று பெட்டி மேல் போட்டுக்கொள்கிறீர்கள். அந்த வரலாற்றில் ஜூன் 10-ஆம் தேதி இல்லையா?

மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நாலாம் நாள் அட்டையை மாற்றி எழுதிக்கொண்டு வந்தான். கடைசி இரண்டு வரியில் ஒராதூர் இருந்தது. கண்காட்சியில் அந்த அட்டையைப் பார்த்து ஒருவர் முகம் சுளித்தாராம். இன்னொருவர் தன் மகளைக் கூப்பிட்டு அதைப் படிக்கச் சொன்னாராம்.

சண்டை முடிந்த பிறகு நான் ஒரு நிபந்தனை போட்டேன். "ஏழு ஜெர்மன்காரனுக்குத் தைச்சுட்டேன். நம்ம ஆள் ஒருத்தன் வேணும்." இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவத்தில் 25 லட்சம் பேர் இருந்தார்கள். ஆப்பிரிக்கப் பாலைவனம், இத்தாலி மலை, பர்மாக் காடு என்று போனவர்களில் நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர். ஆனால் மகன் காட்டிய பட்டியல்களில் அவர்களைத் தேடிச் சலித்துப் போனேன். கடையில் இல்லாததை நாமேதான் செய்ய வேண்டும். உடம்பு ஒரு பெட்டியிலிருந்து, இரும்புத் தொப்பி இன்னொன்றிலிருந்து, பூட்ஸ் வேறொன்றிலிருந்து என்று சேர்ப்பதற்கு இவர்கள் 'கிட்பேஷ்' என்கிறார்கள்.

யாரைச் செய்வது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மதராஸ் சாப்பர்ஸ். 1780-லிருந்து இருக்கிற படை, இன்றைக்கும் பெங்களூரில்தான் தலைமையிடம். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது இவர்கள் வேலை. ராணுவத்தில் இவர்களுக்குச் செல்லப்பெயர் 'தம்பி'. அந்தப் படையின் சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞானோ என்ற ஊரில் தன் ஆட்களோடு கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தார். ஒரு வெடி கிளம்பிவிட்டது. வெடிப்பதற்கு இருந்த சில நொடிகளில் அதன் மேல் விழுந்து தன்னோடு வந்தவர்களைக் காப்பாற்றி, தான் இறந்தார். ஜார்ஜ் கிராஸ் பெற்ற முதல் இந்தியர் என்று அவரைச் சொல்வார்கள். நாற்பது வருஷம் நானும் சமூக அறிவியல் எடுத்திருக்கிறேன். ஒரு வகுப்பிலாவது அவர் பெயரைச் சொன்னேனா? இல்லை. எனக்கே தெரியாது.

முதலில் நான் ஒரு பெரிய தப்பு செய்தேன். காக்கிச் சட்டை, அரைக்கால் டவுசர் என்று அழகாகத் தைத்துப் படம் அனுப்பினேன். 2001 பேட்ச் மாணவன் ஒருவன் ராணுவத்தில் ஹவில்தார். அவனிடமிருந்து பதில் வந்தது: "டீச்சர், பிப்ரவரி மாசம் இத்தாலி மலையில டவுசர் போட்டா ஆள் விறைச்சுப் போவான்." பாலைவன உடுப்பை பனிக்கு மாட்டிவிட்டிருக்கிறேன். பிரித்துப் போட்டேன். பழைய மெல்லிய கம்பளிச் சால்வை ஒன்றை வெட்டி, இடுப்போடு நிற்கும் குட்டை மேற்சட்டையும் முழுக்கால் சட்டையும் தைத்தேன். இடது தொடையில் வரைபடம் வைக்க ஒரு பெரிய பை இருக்கும், அதற்கே இரண்டு சாயங்காலம் போயிற்று.

முகம் அதைவிடக் கஷ்டம். தலை தனியாக விற்கிறார்கள், ஆனால் எல்லாம் வெள்ளைக்கார மூக்கு. 'தோல் நிறம்' என்று எழுதியிருந்த பெயிண்ட் டப்பாவைத் திறந்தால் ரோஸ் கலர். யார் தோல்? செம்மண் நிறமும் காப்பி நிறமும் கலந்து, நாலு தடவை அழித்து அழித்துப் பூசினேன்.

நிற்க வைத்துத் துப்பாக்கி கொடுக்கலாம் என்றான் மகன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்துக் கண்ணிவெடி கண்டுபிடிக்கும் கருவி, போலந்து நாட்டு அதிகாரி யுசெஃப் கோசாட்ஸ்கி உருவாக்கியது. நீளக் கம்பின் முனையில் ஒரு தட்டு, காதில் ஹெட்போன், இரும்பு இருந்தால் ஓசை மாறும். குடைக்கம்பியும் ஐஸ்கிரீம் குச்சியும் வைத்து அதைச் செய்துவிட்டேன். ஆனால் ஜெர்மானியர்கள் மரப்பெட்டியில் ஒரு வகை வெடி செய்தார்கள், அதில் கருவிக்கு ஓசையே வராது. அப்போது ஒரே வழி, மண்டி போட்டு, பயோனெட்டைச் சாய்வாக மண்ணில் மெல்லக் குத்திக் குத்திப் பார்த்து நகர்வது. விரல் கொஞ்சம் அழுத்தினால் முடிந்தது. அதனால் எங்கள் தம்பி மண்டி போட்டிருக்கிறான். கருவி பக்கத்தில் கிடக்கிறது. பின்னால் பாதுகாப்பான பாதைக்கு அடையாளமாக வெள்ளை நாடா. (அதுவும் பாவாடை நாடாதான்.)

அட்டையில் சுபேதார் சுப்பிரமணியன் என்று எழுதச் சொல்லிப் பலர் கேட்டீர்கள். எழுதமாட்டேன். என் கை முகச்சாயல் பிடிக்கும் கை இல்லை. நான் பூசிய ஏதோ ஒரு முகத்துக்கு ஒரு நிஜ மனிதரின் பெயரைப் போட்டால், மகனை நான் திட்டிய திட்டெல்லாம் எனக்கே திரும்பும். 'மதராஸ் சாப்பர், இத்தாலி, பிப்ரவரி 1944' என்று மட்டும் எழுதி, கீழே சுபேதார் செய்ததைத் தனியாக எழுதியிருக்கிறோம்.

மருமகளின் பெரியப்பா வன்னியிலிருந்து வந்தவர். 2009-ல் எல்லாவற்றையும் விட்டு வந்தவர். படத்தைப் பார்த்துவிட்டு ஃபோன் செய்தார். "சம்பந்தியம்மா, யுத்தத்தைக் கண்ணால பாத்த ஆக்கள் இதை வீட்டில வைப்பினமோ?" என்று மெதுவாகத்தான் கேட்டார். துல்லியம், அட்டை, ஒராதூர் என்று மேலே எழுதிய எதையும் அவரிடம் நான் சொல்லவில்லை. அவர் கேட்டதற்கு அவை பதில் ஆகாது. அவர் வருகிற அன்று அலமாரி மேல் ஒரு சேலையை மடித்துப் போட்டு மூடிவிடுகிறேன். போன மாதம் வந்தபோது அவரே ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். மண்டி போட்டவனை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணிவெடி எடுக்கிற பெடியனோ?" என்றார். "ஆமா" என்றேன். சேலையைத் திரும்ப இழுத்துவிட்டுக் காப்பி கேட்டார்.

அடுத்த வேலைக்கு உங்களிடம் ஓர் உதவி. உங்கள் தாத்தா, கொள்ளுத்தாத்தா யாராவது அந்தக் காலப் பட்டாளத்தில் இருந்து, டிரங்குப் பெட்டியில் பெல்ட்டோ பொத்தானோ சட்டையோ கிடந்தால், விற்றுவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். நைந்த மெல்லிய கம்பளித் துணி இருந்தாலும் சொல்லுங்கள், சால்வை தீர்ந்துவிட்டது.

1996 பேட்ச் தம்பிக்கு: உன் கோலிக்குண்டுகள் போர்ன்விட்டா டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன. வந்து வாங்கிக்கொள்.