ஓட்டுப் போட விரல் உண்டு. வேட்பாளராக நிற்க இடம் இல்லை!

புதுக்கோட்டை மாவட்டத்திலே ஆறு சட்டமன்றத் தொகுதிகள். புதுக்கோட்டை, விராலிமலை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி - இவை ஐந்தும் பொதுத்தொகுதிகள். ஆறாவது கந்தர்வகோட்டை, 2011 தேர்தலில் இருந்து தனித்தொகுதி. ஒடுக்கப்பட்டவனும் ஆளும் மன்றத்திலே அமரவேண்டும் என்று சட்டம் ஒதுக்கி வைத்த நாற்காலி அது. நல்ல ஏற்பாடு, நாம் போற்றிப் பாதுகாக்கும் ஏற்பாடு.

அந்தத் தொகுதியிலே ஒரு வாக்காளர். பிறப்பால் ஆதிதிராவிடர், வழிபாட்டால் கிறித்தவர். தேர்தல் நாளன்று வரிசையிலே நிற்கலாம். விரலிலே மை வாங்கலாம். விரும்பிய சின்னத்தை அழுத்தலாம். ஆனால் அந்த நாற்காலிக்கு அவரே வேட்பாளராக நிற்க முடியுமா? முடியாது! ஊராட்சித் தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டால், அதற்காவது நிற்க முடியுமா? அதற்கும் முடியாது! ஏன்? திருடினாரா? தேசத்தைக் காட்டிக் கொடுத்தாரா? கடன் வாங்கி ஏப்பம் விட்டாரா? ஒன்றுமில்லை. கும்பிடும் கோயிலை மாற்றிக்கொண்டார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்!

இப்படிப்பட்டவர் ஒருவர் இருவர் அல்லர். அவர்களிலே ஒருவரின் நெஞ்சுக்குள் சற்றே நுழைந்து பார்ப்போம், தோழர்களே. முந்திரிக்கொட்டை உடைத்துத் தோலுரிந்த விரல் அவருடையது. ஞாயிறு காலையிலே பூசைக்குப் போகிறார். அங்கே எல்லோரும் ஆண்டவரின் பிள்ளைகள் என்று கேட்கிறார். வெளியே வந்தால், தெருவின் பெயர் அதே காலனி. தேநீர்க் கடையிலே அதே பார்வை. பண்ணையிலே அதே கூலி, அதே ஏச்சு. அவர் எண்ணுகிறார்: “சாதி என்னைக் கேட்காமலே என்மீது ஏறியது. மதத்தை நானே தேர்ந்தெடுத்தேன். நான் தேர்ந்தெடுத்ததைக் காட்டி, என்மீது ஏற்றப்பட்டதே இல்லை என்கிறதே சர்க்கார்! இது என்ன நியாயம்?”

என்ன நியாயம்? சட்டப் புத்தகத்தைப் புரட்டுவோம். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதியினர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியருக்குக் கதவு திறந்தது. 1990இல் பௌத்தருக்குத் திறந்தது. இரண்டையும் நாம் வரவேற்கிறோம். கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் மட்டும் திறக்காத அந்தக் கதவின் சாவி எங்கே? நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தால் போதும். பத்தியும் போகும், பழியும் போகும்!

சென்னை வீதியோரத்திலே செருப்புத் தைத்த ஒரு தொழிலாளியின் கதை நினைவிருக்கிறதா? சாலையோரம் தொழில் செய்யும் ஆதிதிராவிடத் தோழர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அவருக்கு மட்டும் இல்லை, கிறித்தவராம்! வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. ‘சூசை வழக்கு’ என்று சட்டம் படித்தோர் அறிவர். 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை, அதே அளவிலே தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று மனு தள்ளுபடி ஆயிற்று. ஊசியும் நூலும் மாறவில்லை, உட்கார்ந்த நடைபாதையும் மாறவில்லை. அதற்கும் ஆதாரம் கேட்டார்கள்!

சரி, திரும்பி வந்தால்? தாய் மதம் திரும்பி, தன் சமூகமும் ஏற்றுக்கொண்டால் பட்டியல் தகுதி மீளும் என்று 2015இல் அதே உச்சநீதிமன்றம் கூறியது. இதன் விளைவு என்ன? ஞானஸ்நானத்திலே ஒரு பெயர், சான்றிதழிலே ஒரு பெயர்! வீட்டிலே செபமாலை, விண்ணப்பத்திலே வேறு மதம்! உண்மை பேசுகிறவன் உரிமையை இழக்கிறான். மறைக்கிறவன் அஞ்சி அஞ்சி வாழ்கிறான். ஒரு குடிமகனைப் பொய் சொல்லத் தூண்டும் சட்டம் எப்படி அறச்சட்டம் ஆகும்?

“கிறித்தவத்திலேதான் சாதி இல்லையே, பிறகெதற்குச் சலுகை?” என்று கேட்போர் உண்டு. வேதத்திலே இல்லை, வீதியிலே இருக்கிறது! அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரிலே, தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கிறித்தவர்கள் கேட்டதை ஒட்டி 2008இல் கலவரம் மூண்டது; துப்பாக்கிச் சூட்டிலே இரண்டு உயிர்கள் போயின. புதுக்கோட்டைக்குப் பக்கத்திலே திருச்சி. அங்கே மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்திலே, செத்தவனுக்கும் சாதி பார்த்து நின்றது ஒரு சுவர். ஆகவே கேள்வி டில்லிக்கு மட்டுமல்ல, திருச்சபைத் தலைவர்களுக்கும் உண்டு. சட்டத்தின் மூன்றாவது பத்தியை நீக்கு என்று கோட்டையை நோக்கிக் குரல் எழுப்பும் ஆயர் பெருமக்கள், தங்கள் தோட்டத்துச் சுவரையும் இடித்துவிட்டல்லவா வரவேண்டும்!

இனி ஓட்டுக்கு வருவோம். கிறித்தவர் ஓட்டு என்றால் சாமியார் சொன்ன பக்கம் சாயும் மந்தை என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். தமிழ்நாட்டிலே கிறித்தவர்கள் 2011 கணக்கின்படி நூற்றுக்கு ஆறு பேர். அந்த ஆறும் ஒரே ஆள் அல்ல! 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பது முறைகேடு, இவருக்குப் போடாவிட்டால் தெய்வ கோபம் வரும் என்று மிரட்டுவதும் முறைகேடு. கோயிலுக்கும் அதுதான் சட்டம், தேவாலயத்துக்கும் அதுதான், பள்ளிவாசலுக்கும் அதுதான். பிரசங்க மேடை பிரசங்கத்துக்கு. வாக்குச்சாவடியின் மறைப்புக்குள்ளே வாக்காளன் மட்டுமே!

தன் நம்பிக்கைக்கே ஆபத்து என்று வந்தபோது மட்டும் அவர் ஓட்டிலே அதுவும் ஒரு கேள்வியாகச் சேர்ந்தது. 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச்சட்டம் இங்கே வந்தது. 2004 நாடாளுமன்றத் தேர்தலிலே, அன்றைய ஆளுங்கட்சி அணி தமிழ்நாட்டின் 39 இடங்களையும் இழந்தது. விவசாயியின் கோபமும், அரசு ஊழியரின் கொதிப்பும், சிறுபான்மையோரின் அச்சமும் ஒன்றாகத் திரண்ட தீர்ப்பு அது. அதே மே மாதத்திலேயே அவசரச் சட்டத்தால் அந்தச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. ஆணையிட்ட கையை ஓட்டுப் போட்ட விரல் மடக்கியது!

பங்கு கொடுப்பது நமக்குப் புதிதா? 1928இல் முத்தையா முதலியார் நடைமுறைப்படுத்திய வகுப்புவாரி ஆணையிலே, பன்னிரண்டு இடங்களுக்கு இரண்டு கிறித்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும், ஒன்று தாழ்த்தப்பட்டோருக்கும் உண்டு. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் சமஸ்தானம், 1948இல்தான் இணைந்தது. 2007இல் கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் தனித்தனியே 3.5 விழுக்காடு கொடுத்தார்கள். தங்களுக்கு அது பயன் தரவில்லை என்று கிறித்தவத் தலைவர்களே கூற, 2008இல் அவர்கள் பங்கு மட்டும் திரும்பப் பெறப்பட்டது. ஆதிதிராவிடக் கிறித்தவர் இன்று பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலே இருக்கிறார். கல்விக்கும் வேலைக்கும் அது ஓரளவு துணை. தனித்தொகுதிக்கோ, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்புக்கோ அது உதவாது.

2007இலேயே ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாவது பத்தியை நீக்கச் சொன்னது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலே இன்னொரு ஆணையம். அதற்கு இரண்டாண்டுக் கெடு, பிறகு கெடுவுக்கும் கெடு! இடையிலே 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி, தன் மனத்தை டில்லிக்குத் தெரிவித்தது.

தோழர்களே, கந்தர்வகோட்டையிலே கதவு தட்டும்போது அந்த வாக்காளரிடம் அவருடைய கடவுளைப் பற்றிப் பேசவேண்டாம். அது அவர் வீட்டுச் சமாச்சாரம். நாம் கடவுள் கேள்வியிலே யார் என்பதை நாடறியும். அதற்காக ஒருவனின் நம்பிக்கைக்கு அரசு அபராதம் விதிப்பதை நாம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம். வீரமாமுனிவர் பணிபுரிந்த ஆவூர் இந்த மாவட்டத்து மண்தான். இத்தாலியிலே பிறந்து வந்து சதுரகராதி தந்தவரை நம்மவர் என்று கொண்டாடுகிற நாம், இங்கேயே பிறந்து, இங்கேயே உழைத்து, இங்கேயே மடிகிறவனை எந்தப் பட்டியலிலும் முழுசாகச் சேராதவன் என்று விட்டுவிடலாமா? நாடாளுமன்றத்துக்கு ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: மூன்றாவது பத்தியை நீக்கக் கை தூக்குவாயா, மாட்டாயா? பதில் வாங்கிக்கொண்டு பிறகு விரலை நீட்டுங்கள்!