விதியும் விலக்கும்

இலக்கண நூலார் விதி வகுத்த அளவில் நின்றுவிடவில்லை. விதிக்குள் அடங்காதவற்றையும் எண்ணிப் பார்த்து, அவற்றுக்கெனப் புறனடை நூற்பாக்களை இயற்றி வைத்தனர். தொல்காப்பிய இயல்கள் பலவற்றின் ஈற்றில் இத்தகைய புறனடைகள் அமைந்திருத்தலை நம் மாணவர் அறிவர். புறனடை என்பது விதியைக் கைவிடுதல் அன்று. விதி எட்டாத இடத்தையும் ஆராய்ந்து முடிவு கூறுதலாகும். ஆராயாமல் விட்டுவிடுதலுக்குப் புறனடை என்று பெயரில்லை. வழு என்பதே பெயர்.

நாட்டின் ஆட்சியிலும் விதிகள் உண்டு, விலக்குகளும் உண்டு. ஒரு பெருந்திட்டத்திற்கு விலக்கு அளிக்கும்பொழுது, அவ்விலக்கினால் நிலத்திற்கும் நீருக்கும் மக்களுக்கும் நேரக்கூடியது யாது என்பது ஆராயப்படுகிறதா? நம் தென்கடற்கரையில் அமைந்த கூடங்குளம் அணுமின் நிலையத்தின் வரலாறு இவ்வினாவை எழுப்புகிறது. அணுமின்சாரம் வேண்டுமா, வேண்டாவா என்பது தனி வழக்கு. அதனுள் இக்கட்டுரை புகவில்லை.

1989ஆம் ஆண்டின் ஒப்புதல்

1988 நவம்பர் 20ஆம் நாள் இந்தியாவும் சோவியத்து ஒன்றியமும் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒவ்வொன்றும் 1000 மெகாவாட் திறனுடைய இரண்டு அணு உலைகளைக் கூடங்குளத்தில் அமைப்பது அதன் நோக்கம். 1989 மே 9ஆம் நாள் நடுவணரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் நிபந்தனைகளுடன் ஒப்புதல் வழங்கியது. மக்கள் கருத்தைக் கேட்டறிய வேண்டும் என்னும் விதி அந்நாளில் இல்லை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கும் அறிவிக்கை 1994 சனவரி 27இல்தான் வெளிவந்தது. 1997 ஏப்ரலில் மக்கள் கருத்துக் கேட்பும் அதனோடு சேர்க்கப்பெற்றது.

இதற்கிடையே 1991இல் சோவியத்து ஒன்றியம் சிதறுண்டது; திட்டமும் உறங்கிற்று. 1998 சூன் திங்களில் உருசிய நாட்டுடன் துணை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. முதல் உலைக்கான கான்கிரீட் இடும் பணி 2002 மார்ச்சில்தான் தொடங்கியது. ஒப்புதல் ஏட்டிற்கும் கட்டுமானத்திற்கும் இடையே ஏறத்தாழ 13 ஆண்டுகள் கழிந்தன. ஆயினும், 1994க்கு முன்பே ஒப்புதல் பெற்ற திட்டம் என்னும் காரணம் காட்டி, புதிய ஒப்புதலும் மக்கள் கருத்துக் கேட்பும் தேவையில்லை என முடிவு செய்யப்பெற்றது. பின்னாளில் வல்லுநர் ஆய்வுகள் நடத்தப்பெற்றன எனினும், அவற்றை மக்கள்முன் வைத்து அவர்தம் கருத்தை வினவும் அவை கூட்டப்பெறவில்லை.

மாறியவை யாவை?

ஏடு மாறாதிருந்தது, திட்டம் மாறியது. நிலையத்திற்கு வேண்டிய நன்னீரைக் குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை அணையிலிருந்து பெறுவதே முதல் ஏற்பாடு. பின்னர் அது கைவிடப்பட்டு, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் அங்கேயே நிறுவப்பெற்றன. எரிந்து தீர்ந்த அணு எரிபொருளைச் சோவியத்து நாட்டிற்கே திருப்பி அனுப்புவது முதல் உடன்படிக்கையின் ஏற்பாடு. பின்னர் அவ்வெரிபொருள் இந்தியாவிலேயே இருக்கும் என்றாயிற்று. நீர் வரும் வழியும் மாறிற்று. கழிவு போகும் வழியும் மாறிற்று. இவ்விரண்டும் மாறிய பின்னரும், பழைய ஒப்புதலே போதும் என்பது எவ்வாறு பொருந்தும்?

பின்வந்த விதியை முன்னர் முடிந்த செயலின்மேல் ஏற்றுதல் முறையன்று என்பர். இக்கூற்றில் நீதி உண்டு. கட்டி முடித்த வீட்டை, மறுநாள் பிறந்த விதியைக் காட்டி இடிக்கச் சொல்வார் யார்? ஆனால் 1997இல் கூடங்குளத்தில் உலைக் கட்டடம் எழுந்திருக்கவில்லை. கடைக்கால் போடாத வீட்டிற்கு இவ்வாதம் செல்லுமா?

மின்சாரத்தின் தேவையைச் சுட்டுவாரும் உளர். 2012இல் மின்வெட்டினால் தமிழகம் பட்ட துன்பத்தை நாம் மறக்கவில்லை. ஆயின் 1997க்கும் 2002க்கும் இடைப்பட்ட ஐந்தாண்டுக் காலத்தில் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டிருந்தால், மின்னாக்கம் ஒரு நாளும் தள்ளிப்போயிராது. கேட்பதற்குக் காலம் இருந்தது. கேட்கும் கடமையைத்தான் விலக்கு நீக்கிவிட்டது.

கேளாமையின் விளைவு

உரிய காலத்தில் கேட்கப்பெறாத வினாக்கள் மறைந்துபோவதில்லை. 2011 மார்ச்சில் சப்பானின் புகுசிமாவில் நேர்ந்த விபத்திற்குப் பின், அவை இடிந்தகரைப் பந்தலில் ஒலித்தன. கடலில் விடப்படும் வெந்நீர் மீன்வளத்தை என்செய்யும்? பேரிடர் வரின் எவ்வழியே வெளியேறுவது? கழிவு எத்தனை காலம் இங்கே கிடக்கும்? உலை எழும்பிய பின் கேட்கப்பெற்ற இவ்வினாக்களுக்கு விடை கூறுவது அரசுக்கும் கடினமாயிற்று. அவ்விடையை நம்புவது மக்களுக்கும் கடினமாயிற்று. 2012 செப்டம்பர் 10ஆம் நாள் மணப்பாட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் உயிரிழந்தார்.

2013 மே 6ஆம் நாள் உச்சநீதிமன்றம் பழைய ஒப்புதல் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அதனோடு 15 நெறிமுறைகளையும் விதித்தது. கடலில் விடும் நீரின் வெப்பம் கடல்நீரைவிட 7 பாகை செல்சியசுக்கு மேல் மிகலாகாது என்னும் வரம்பும் அவ்வழக்கில் பேசப்பெற்றது. தீர்ப்பை மதிப்பது நம் கடமை. எனினும், சட்டப்படி செல்லுவது வேறு. அறிவுடைமையாகச் செய்வது வேறு. அதே வளாகத்தின் 3 முதல் 6 வரையிலான உலைகளுக்கு 2007இல் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்பெற்றது. ஒரே கரை, ஒரே கடல், ஒரே மக்கள். பின்வந்த நான்கு உலைகளுக்கு உள்ள விதி முன்வந்த இரண்டிற்கு இல்லை.

இது பழங்கதை அன்று. 2025 செப்டம்பர் 8ஆம் நாள் நடுவணரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமங்களையும் பிற முதன்மைக் கனிமங்களையும் தோண்டும் சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்து ஆணை வெளியிட்டது. மோனசைட்டு மணல் செறிந்த குமரிக் கடற்கரை மக்கள் இதனை எண்ணிக் கலங்குவதில் வியப்பில்லை.

நாம் வேண்டுவன

விலக்கே கூடாது என்பது நம் கருத்தன்று. விலக்கு அளிப்போர் அதன் காரணத்தை எழுத்தில் உரைத்தல் வேண்டும். அதனால் விளையக்கூடியதை ஆராய்ந்து வெளியிடுதல் வேண்டும். ஒப்புதலுக்குப் பின் பணி தொடங்க நெடுங்காலம் கழியினும், திட்டத்தின் அடிப்படை மாறினும், மறுஆய்வு கட்டாயமாதல் வேண்டும்.

தமிழ் பயில்வார்க்கு இதில் தனிப்பணி ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டு அறிவிக்கை, தாக்க மதிப்பீட்டின் சுருக்கத்தை வட்டார மொழியில் தருமாறு கூறுகிறது. முழு அறிக்கையோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடக்கிறது. வலை வீசும் மீனவர்க்கு அது விளங்குவது எங்ஙனம்? நம் மாவட்டத்தில் அடுத்த அறிக்கை வெளிவரும்பொழுது, அறிவியல் துறை மாணவரும் தமிழ்த்துறை மாணவரும் ஒருங்கிருந்து அதனைத் தமிழாக்கி, கரையோர ஊர்களில் படித்துக் காட்டுவார்களாயின், அதனினும் சிறந்த மொழித்தொண்டு பிறிதொன்றில்லை.