ஆங்கில வினைக்குத் தமிழே திறவுகோல்
பத்தாம் வகுப்பு மாணவி, உத்திரமேரூர்

ஆங்கிலம் கற்கும் நம்மைப் போன்ற சிற்றூர் மாணவியரை மிகுதியும் அலைக்கழிப்பது எது என்று கேட்டால், வினைச்சொல் என்றே நான் சொல்வேன். பெயர்ச்சொற்களை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் 'சே' என்பதா, 'டெல்' என்பதா? 'பிரிங்' என்பதா, 'டேக்' என்பதா? 'பாரோ' என்பதா, 'லெண்ட்' என்பதா? இந்த ஐயம் எழுந்தவுடன், விடை தெரிந்த மாணவியும் வாய் திறவாமல் அமர்ந்துவிடுகிறாள். ஒரு சிறு வினைச்சொல் அவளுடைய அறிவு முழுவதையும் மறைத்துவிடுகிறது.

இதற்குப் பலரும் கூறும் மருந்து ஒன்றே: "தமிழை மறந்துவிடு, ஆங்கிலத்திலேயே சிந்தனை செய்." தமிழில் பேசினால் அபராதம் விதிக்கும் பள்ளிகளும் உண்டு. நம் நன்மையைக் கருதியே பெரியோர் இவ்வாறு செய்கின்றனர். எனினும், இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத் தமிழ் தடையன்று, அதுவே திறவுகோல் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைக் கூறுகிறேன்.

'கம்', 'கோ' என்னும் இரண்டை முதலில் எடுத்துக்கொள்வோம். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வருதல், தருதல், செல்லுதல், கொடுத்தல் என்னும் நான்கு வினைகளைப் பற்றி விதி கூறியிருக்கிறார். வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. அதாவது, என்னை நோக்கியோ உன்னை நோக்கியோ நடந்தால் 'வா'. மூன்றாமவரை நோக்கி நடந்தால் 'செல்'. ஆங்கிலமும் பெரும்பாலும் இவ்வழியே செல்கிறது. "நாளை உன் வீட்டுக்கு வருகிறேன்" என்பதற்குக் 'கம்'; "நாளை அவள் வீட்டுக்குப் போகிறேன்" என்பதற்குக் 'கோ'. "நோட்டை என்னிடம் கொண்டு வா" என்றால் 'பிரிங்'; "அவளிடம் கொண்டு போ" என்றால் 'டேக்'. தமிழ் வகுப்பில் நாம் படித்த மூவிடமே இங்கு விடையாக நிற்கிறது அல்லவா?

அடுத்து, தன்வினையும் பிறவினையும். ஏரியில் நீர் உயர்கிறது, அங்கே 'ரைஸ்'. மாணவி கையை உயர்த்துகிறாள், அங்கே 'ரெய்ஸ்'. குழந்தை பாயில் படுத்திருக்கிறது, அது 'லை'. தாய் குழந்தையைப் பாயில் கிடத்துகிறாள், அது 'லே'. நாம் கற்கிறோம், அதனால் 'லேர்ன்'; ஆசிரியை கற்பிக்கிறார், அதனால் 'டீச்'. 'லை' என்பதன் இறந்தகாலமும் 'லே' என்றே வருவதால் சற்றுத் தடுமாற்றம் உண்டாகலாம். அப்போது "எதை? யாரை?" என்று கேட்டால் போதும். விடை கிடைத்தால் அது கிடத்துதல், கிடைக்காவிட்டால் படுத்தல். இதுவும் இரண்டாம் வேற்றுமைப் பாடம்தான்.

'சீ', 'லுக்' என்னும் சொற்களும் இத்தகையவையே. தானாகக் கண்ணில் படுவதைக் காண்பது 'சீ'. கருத்தோடு நோக்குவது 'லுக்'. காண், நோக்கு என்னும் இரு சொற்களும் நம்மிடம் உள்ளன. பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் 'பார்' என்ற ஒன்றிலேயே அடக்கிவிட்டதால் வேறுபாடு மறைந்து நிற்கிறது.

"அப்படியானால் தமிழை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றிவிடலாமா?" என்று தோழியர் கேட்கலாம். கூடாது. விளக்கைப் போடுகிறோம், கோலம் போடுகிறோம், சட்டை போடுகிறோம், சோறு போடுகிறோம். தமிழில் ஒரே 'போடு'. ஆங்கிலத்தில் இவை நான்கிற்கும் நான்கு வினைகள் வேண்டும். அவ்வாறே வீடு கட்டுவதும், புடவை கட்டுவதும், பள்ளிக்கட்டணம் கட்டுவதும் வெவ்வேறு. கடையில் புடவை வாங்குவது 'பை'. அண்டை வீட்டில் குடத்தை இரவலாக வாங்குவது 'பாரோ'. அந்தக் குடத்தை நமக்குக் கொடுத்தவர் செய்தது 'லெண்ட்'. இத்தகைய இடங்களில் தமிழை மறந்தால் பயன் இல்லை. "இங்கே 'போடு' என்றால் என்ன செய்கிறேன்? 'வாங்கு' என்றால் விலைக்கா, இரவலுக்கா?" என்று தமிழிலேயே ஒருமுறை கேட்டுக்கொண்டால்தான் சரியான ஆங்கிலச் சொல் வரும். பள்ளம் இருக்கும் இடம் தெரிந்தவள் அதில் விழமாட்டாள்.

வினைச்சொல் பிழையானால் மதிப்பெண் மட்டுமா போகும்? சில வேளைகளில் உண்மையே மாறிவிடும். அதற்கு நம் ஊரே சான்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளைக் காண வெளியூரார் நம் வைகுந்தப் பெருமாள் கோயிலுக்கு வருகின்றனர். "உறுப்பினரை அன்று எவ்வாறு தேர்ந்தெடுத்தார்கள்?" என்று அவர்களில் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? தமிழில் 'தேர்ந்தெடு' என்ற ஒரே சொல் போதும். ஆங்கிலத்தில் வாக்களித்துத் தேர்வது 'எலெக்ட்'. ஆராய்ந்து தேர்வது 'செலக்ட்'. சீட்டெடுத்துத் தேர்வது 'டிரா'. அன்று 30 குடும்புகளிலும் 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவராய், நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராய், மற்றத் தகுதிகளும் பெற்றவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்தனர். ஆகவே தகுதி பார்த்தது 'செலக்ட்'. ஓலை எடுத்தது 'டிரா'. இன்று நம் பெற்றோர் வாக்குச்சாவடியில் செய்வதுதான் 'எலெக்ட்'. ஒரு வினையை மாற்றிச் சொன்னால் ஆயிரம் ஆண்டு வரலாறே திரிந்துவிடும்!

தாய்மொழியின் துணையோடு பிறமொழி கற்பது புதிய வழியும் அன்று. இத்தாலியில் 1680இல் பிறந்து, தமிழகம் வந்து, தமிழ்ப் பெரும்புலவராக விளங்கிய வீரமாமுனிவரை நாம் அறிவோம். சதுரகராதி தந்த அவரே, தமக்குப் பின் வரும் குருமாருக்காகப் பேச்சுத்தமிழின் இலக்கணத்தை இலத்தீன் மொழியில் எழுதினார். அவர்கள் நன்கறிந்த மொழியின் வழியே அறியாத மொழியை விளக்கினார். அவர்களுக்கு இலத்தீன் உதவியது போல் நமக்குத் தமிழ் உதவலாகாதா?

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு என் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. ஆங்கில வகுப்பில் குழப்பமான வினைகள் வரும்போது, ஐந்து நிமிடம் தமிழில் பேச எங்களுக்கு இசைவு தாருங்கள். யாரை நோக்கி? எதை? எவ்வகையில்? இம்மூன்று வினாக்களையும் தமிழில் கேட்டு, விடையை ஆங்கிலத்தில் எழுதுகிறோம். பின்னர் அவ்வாக்கியத்தைப் பலமுறை வாய்விட்டுச் சொல்கிறோம். ஆங்கிலம் நாவில் படியப் பழக்கமும் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை.

பெற்றோருக்கும் ஒன்று கூற விரும்புகிறேன். "எனக்கு இங்கிலீஷ் தெரியாது, நான் என்ன சொல்லிக்கொடுப்பது?" என்று எத்தனையோ தாய்மார் ஒதுங்கிக்கொள்கின்றனர். அம்மா! அந்த மூன்று வினாக்களையும் கேட்க உங்களுக்கு ஆங்கிலம் வேண்டாம். விளக்கடியில் மகளின் அருகே அமர்ந்து தமிழில் கேளுங்கள். அவள் எண்ணித் தெளிந்து விடை கூறுவாள்.

தோழியரே! ஆங்கிலம் நமக்கு வேண்டும். மேற்படிப்புக்கும் வேலைக்கும் அது பெரிதும் துணை செய்யும். ஆனால் அதைப் பெறுவதற்காகக் கையிலுள்ள விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் தேட வேண்டியதில்லை. தமிழ் இலக்கணத்தைத் தேர்வுக்காக மட்டும் படிக்காமல் தெளிந்து படிப்போம். ஆங்கில வினையும் தெளியும். வகுப்பில் எழுந்து விடை கூறும் துணிவும் வரும்.