குடிலுக்கு விதை போட்டாச்சா?

டிசம்பர் இரண்டாவது வாரம் வந்துவிட்டால் திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் பல கிறிஸ்தவ வீடுகளில் இந்தக் கேள்வி காதில் விழும்: “குடிலுக்கு விதை போட்டாச்சா?”

முறுக்குக்கு மாவு அரைப்பதை ஒருநாள் தள்ளிப்போடலாம். கேக்குக்கு முந்திரி வாங்குவதை 23-ம் தேதி வரைகூட இழுக்கலாம். இதை மட்டும் தள்ளிப்போட முடியாது. குடிலில் ஆட்டுக்குட்டி பொம்மைகள் நிற்கப் பச்சைப்புல் வேண்டும். அது விரல் உயரம் வளர எப்படியும் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும்.

கேழ்வரகை ராத்திரி ஊறப்போடுவார்கள். மறுநாள் சிரட்டையிலோ (சென்னைக்காரர்களுக்குக் கொட்டாங்குச்சி) பழைய தட்டிலோ மண் நிரப்பி, விதையை நெருக்கமாகத் தூவி, மேலே கொஞ்சம் பொடிமண் போட்டு, தண்ணீர் தெளித்து நிழலில் வைப்பார்கள். கம்பு, நெல் போடுபவர்களும் உண்டு. மறந்துபோய்க் கடைசி வாரத்தில் முழித்துக்கொள்பவர்களுக்குக் கடுகு கைகொடுக்கும். அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி போடுகிற ஊர்க்காரர்களுக்கு இதையெல்லாம் சொல்லித்தரவே வேண்டாம்!

இப்படி நாள் எண்ணித் தயாராகும் வழக்கம், குடிலின் கதையிலேயே இருக்கிறது. இத்தாலியில் கிரெச்சோ என்று ஒரு மலை கிராமம். 1223-ல் அசிசி நகரத்துப் பிரான்சிஸ், கிறிஸ்துமஸுக்கு ஏறக்குறைய 15 நாள் முன்பு, அந்த ஊர் நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு ஓர் ஏற்பாடு செய்யச் சொன்னார். பெத்லகேமில் அந்தக் குழந்தை எவ்வளவு கஷ்டத்தில் பிறந்தது என்பதைத் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு அவர் கேட்டவை ஒரு தீவனத்தொட்டி, கொஞ்சம் வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. அவ்வளவுதான். எல்லாமே அந்த ஊர்த் தொழுவங்களில் இருந்தவை. அன்று ராத்திரி மக்கள் மெழுகுவத்தியும் தீவட்டியுமாகத் திரண்டு வந்தார்கள். பிரான்சிஸ் இறந்த சில ஆண்டுகளிலேயே அவருடைய வாழ்க்கையை எழுதிய செலானோ தாமஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

தினமும் பார்க்கிற தொழுவம்தான், தினமும் அள்ளிப்போடுகிற வைக்கோல்தான். அன்று ராத்திரி மட்டும் அந்த மக்கள் அதை வேறு கண்ணால் பார்த்தார்கள்.

யோசித்துப் பார்த்தால், லூக்கா எழுதிய நற்செய்தியில் வருகிற கிறிஸ்துமஸ் கதையே இப்படித்தான் இருக்கிறது. விடுதியில் இடமில்லை. குழந்தையைக் கிடத்தியது மாடு தீவனம் தின்கிற தொட்டியில். பழைய தமிழ் பைபிள் அதை ‘முன்னணை’ என்கிறது. தேவதூதர் முதலில் சேதி சொன்னது அரண்மனைக்கு அல்ல, வயல்வெளியில் ராத்திரி கண்விழித்து ஆடு காத்துக்கொண்டிருந்தவர்களுக்கு. இன்றைய பாஷையில் நைட் டியூட்டி பார்த்தவர்கள்! இந்த 24-ம் தேதி ராத்திரியும் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ்கள் விழித்திருப்பார்கள், ஏ.டி.எம் வாசலில் வாட்ச்மேன் உட்கார்ந்திருப்பார், அரசுப் பேருந்து ஓடிக்கொண்டிருக்கும். கிறிஸ்துமஸின் முதல் சேதி அவர்களைப் போன்றவர்களுக்குத்தான் போனது.

சரி, மனசு சந்தோஷமாக இருக்கும்போது எதையும் அதிசயமாகப் பார்க்கலாம். துக்கம் நடந்த வீட்டில்?

போன டிசம்பரில் பாளையங்கோட்டையில் என் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டில் தாத்தா இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. துக்கம் நடந்த வருஷம் ஸ்டார் கட்டாத வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. அந்த வீட்டிலும் ஸ்டார் இல்லை, பலகாரம் இல்லை. “குடில் மட்டும் ஒரு மூலையில இருந்துட்டுப் போகட்டும்” என்றார் ஆச்சி. வருஷா வருஷம் தாத்தாதான் விதை போடுவாராம். இந்த முறை ஒண்ணாம் வகுப்புப் பேரன் போட்டான்.

ரெண்டு நாளாக ஒன்றும் முளைக்கவில்லை. பையன் குச்சியை எடுத்து மண்ணைக் கிளற ஆரம்பித்துவிட்டான். “தோண்டிப் பாக்காதல” என்றார் ஆச்சி. “தண்ணி தெளிச்சிட்டுப் பேசாம போ. அது வரும்.”

நாலாம் நாள் காலையில் வெள்ளை வெள்ளையாக முளை தெரிந்தது. ஆச்சி எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். எத்தனையோ வருஷம் பார்த்த முளைதான். ஆனாலும் குனிந்து குனிந்து பார்த்தார். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

விசுவாசம் என்பதற்கு நிறைய விளக்கம் கேட்டிருக்கிறேன். ‘தோண்டிப் பாக்காதல’ அளவுக்கு எதுவும் எனக்குப் புரிந்ததில்லை. நம் கையில் இருப்பது விதையும் தண்ணீரும். முளைக்கவைப்பது நம் வேலை இல்லை. பிள்ளையின் படிப்பு, ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் நோயாளி, பேசாமல் இருக்கும் தம்பி என்று நாம் தினமும் குச்சியால் கிளறிக்கொண்டிருக்கும் விஷயங்கள் எத்தனை!

இன்று ராத்திரி ஒரு கைப்பிடி கேழ்வரகை ஊறப்போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டில் குடில் வைக்கும் வழக்கம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஜன்னலோரம் வையுங்கள். தண்ணீர் தெளிக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரிக்கும்போது புல்லைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தெருவில் ஆடோ மாடோ இருந்தால் அதற்குக் கொடுங்கள். தீவனத்தொட்டியில் தொடங்கிய பண்டிகைக்கு அதுதான் பொருத்தமான முடிவு!