காய்ச்சல் வலிப்பு: தமிழில் சொல்லித் தாருங்கள்

மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். நாமோ பிள்ளைக்கு வலிப்பு வந்தால் இன்னும் இரும்பைத் தேடுகிறோம்.

இது பேயுமல்ல, தாயின் குற்றமுமல்ல. 6 மாதம் முதல் 5 வயது வரை மூளை முதிர்ந்திருக்காது. தொற்றினால் காய்ச்சல் ஏறும்போது மூளைக் கலங்கள் கட்டுமீறி மின்துடிப்பை அனுப்பும். கைகால் வெட்டி இழுக்கும். பரம்பரையும் ஒரு காரணம். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே நின்றுவிடும்.

பிள்ளையை ஒருக்களித்துக் கிடத்துங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். நின்றாலும் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். 5 நிமிடம் தாண்டினால் உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்.

நள்ளிரவானாலும் அதற்கு வாகனம் தருவது தோட்ட நிர்வாகத்தின் கடமை. பிள்ளை மடுவத்தில் இவற்றைத் தமிழில் எழுதி ஒட்டுவதும் கடமையே. இரண்டையும் கேட்டு வாங்குவோம்.