நாய்க்குக் கண் சிவந்தால் வீட்டிலிருக்கும் சொட்டு மருந்தை விடலாமா?

மீஞ்சூரைத் தாண்டி பழவேற்காடு ஏரியோர மீனவக் கிராமங்களுக்குப் போனால், நாய்கள் படுத்திருப்பது மணலில்தான். வலை, படகு, கருவாடு காயும் இடம் என்று எங்கும் சுற்றும். பறக்கும் மணல், முள், சண்டையில் இன்னொரு நாயின் நகம் என எது பட்டாலும் கண் போகலாம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நீர் வடிய நாய் வந்து நின்றால் பலரும் செய்வது ஒன்றுதான்: வீட்டில் யாருக்கோ வாங்கிய சொட்டு மருந்தில் மிச்சமிருப்பதை விடுவது. சில நேரம் அதுவே பார்வையைப் பறித்துவிடும்.

*ஏன் ஆபத்து?*

மனிதர்களுக்கான பல கண் சொட்டு மருந்துகளில் ஆன்டிபயாடிக்குடன் ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு போட்டால் சிவப்பு குறையும், ‘சரியாயிடுச்சு’ என்று தோன்றும். ஆனால் கருவிழியில் புண் இருந்தால், அது ஆறுவதை ஸ்டீராய்டு தடுக்கும். கிருமி பெருகவும் வழிவிடும். நாயின் கருவிழி ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லை. தொற்று தீவிரமானால் ஓரிரு நாளில் ஓட்டையே விழலாம்.

*புண் என்று எப்படித் தெரியும்?*

வெறும் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். கால்நடை மருத்துவர் ஃப்ளோரசின் என்ற சாயத்தைக் கண்ணில் விட்டு, நீல ஒளியில் பார்ப்பார். புண் உள்ள இடம் பச்சையாக ஒளிரும். சில நிமிட வேலைதான். இதைப் பார்க்காமல் ஸ்டீராய்டு போடக் கூடாது.

*கண் சிவந்தால் எல்லாமே புண்ணா?*

இல்லை. உண்ணிக் காய்ச்சலில் கண்ணுக்குள் அழற்சியும் ரத்தக்கசிவும் வரலாம். இரு கண்ணிலும் பீளை, கூடவே காய்ச்சல், இருமல் என்றால் டிஸ்டெம்பராக இருக்கலாம். கண் அழுத்த நோயில் விழி வீங்கி, ஓரிரு நாளில் பார்வையே போய்விடலாம். சிவப்பு ஒன்றுதான், மருந்து வேறு வேறு.

*உடனே என்ன செய்யலாம்?*

* மெடிக்கலில் கிடைக்கும் நார்மல் சலைன் கொண்டு கண்ணைக் கழுவலாம்.
* குத்தி நிற்கும் முள்ளையோ தூண்டிலையோ பிடுங்கக் கூடாது.
* காலால் சொறியாமல் இருக்கக் கழுத்தில் கூம்புப் பட்டை மாட்டலாம்.
* பக் போன்ற நாய்க்கு விழி பிதுங்கி வெளியே வந்தால், சலைனில் நனைத்த சுத்தமான துணியால் மூடி உடனே கிளம்ப வேண்டும்.
* வலியில் வளர்ப்பு நாயும் கடிக்கும்; கவனம்.

*எங்கே போவது?*

முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம். பெரிய சிகிச்சை என்றால், 1903இல் தொடங்கிய வேப்பேரி சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கண்புரை அறுவை சிகிச்சைவரை நாய்களுக்கு அங்கே செய்கிறார்கள். ஆனால் பழவேற்காட்டிலிருந்து வேப்பேரி ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். கடலுக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் பிழைப்பு. ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவதும், கையில் கிடைத்த மருந்தை விடுவதும் இதனால்தான். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண் 1962. அந்த ஊர்திகள் பெரும்பாலும் ஆடு, மாடுகளுக்கே பயன்படுகின்றன. என்றாலும், அழைத்து விசாரிக்கலாம்.

அதுவரை வீட்டிலிருக்கும் சொட்டு மருந்துக் குப்பியின் லேபிளைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் இவற்றில் எந்தப் பெயர் இருந்தாலும் அது ஸ்டீராய்டு. மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை நாயின் கண்ணுக்கு அது வேண்டாம்.