அரிவாளுக்கு ஓர் அத்தாட்சி

சிகை திருத்துகிறவர் கை தவறினால் ஒரு மாதத்தில் மயிர் வளர்ந்து சரியாகிவிடும். தையற்காரர் கை தவறினால் ஒரு சட்டையோடு நஷ்டம் தீர்ந்தது. மரம் வெட்டுகிறவர் கை தவறினால் என்ன ஆகும்? பத்து வருஷமோ இருபது வருஷமோ கழித்து, ஒரு புயல் நாளில், அந்த வெட்டுக்குச் சற்றும் சம்பந்தமில்லாத யாரோ ஒருவர் தலையில் அதன் பலன் வந்து விழும். ஆயினும் நம் ஊர்த் தெருக்களில் மரத்தின் மேல் கை வைப்பதற்கு வேண்டிய யோக்கியதை ஒன்றே ஒன்றுதான்: கையில் ஓர் அரிவாள் இருக்க வேண்டும்!

இந்த எண்ணம் எனக்குச் சாத்தான்குளத்தில் உதயமாயிற்று. திருச்செந்தூரிலிருந்து உடன்குடி வழியாக அந்த ஊருக்குப் போகிறவர்களுக்கு வழித்துணையாக வருகிறவை பனைமரங்கள். செக்கச் சிவந்த தேரி மணலில் வேறொன்றும் தலை தூக்க அஞ்சும் இடங்களிலும் பனை நிமிர்ந்து நிற்கிறது. அந்தப் பக்கத்துப் பதநீரின் மகிமையால்தான் உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது.

நான் தங்கியிருந்த நண்பர் வீட்டு வாசலில் ஒரு வேப்ப மரம் இருந்தது. "இருந்தது" என்று சொல்லும்படி ஆனது ஒரு காலைப் பொழுதில்தான். கம்பியில் கிளை உரசுகிறதென்று நாலு பேர் வந்தார்கள். அரை மணி நேரத்தில் காரியத்தை முடித்தார்கள். கம்பியை உரசியது ஒரு கிளை. அவர்கள் எடுத்ததோ மரத்தின் தலை முழுவதையும்! நாலு மொட்டைக் கைகளை வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டு மரம் நின்றது. வாசலில் வெயில் சுள்ளென்று இறங்கிற்று.

தெருவோரத்தில் ஒரு பெரியவர் நின்று இதையெல்லாம் பார்த்துக் கொண்டிருந்தார். நாற்பது வருஷம் பனையேறியவர் என்று நண்பர் சொன்னார்.

"என்ன அண்ணாச்சி, இப்படி வெட்டலாமா?" என்று கேட்டேன்.

"ஐயா, பனைக்கு ஒரே தலைதான். அதைச் சீவினால் மரமே போச்சு. அதனால எங்க ஆளுக்கு எங்கே அரிவாள் படக்கூடாதுன்னு சின்ன வயசிலேயே சொல்லிக் கொடுத்திருவாக. வேம்புக்குத் தலை நிறைய இருக்குல்லா! அதான் கேள்வி கேட்க ஆள் இல்லாம போச்சு" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு சாஸ்திரமே அடங்கியிருக்கிறது. பனைக்கு வளரும் குருத்து உச்சியில் ஒன்றுதான். அதன் தண்டில் பட்ட காயத்தை மூடிக்கொள்ளும் சக்தியும் அதற்குக் கிடையாது. ஆகவே காலில் தளைநாரும் கையில் முருக்குத்தடியுமாக, பருவ காலத்தில் நாளுக்கு இரண்டு தடவை ஏறிப் பாளை சீவுகிறவர், குருத்துக்குத் தீங்கு வராமல் சீவக் கற்றிருக்கிறார். அவருக்குப் பாடம் சொன்னவர் தகப்பனாரோ மாமனாரோ. பரீட்சை தினந்தோறும் நடக்கிறது. தவறினால் போவது மதிப்பெண் அல்ல, பிராணன்.

வேம்பு, புங்கு, வாகை முதலிய மரங்களின் சங்கதி வேறு. அவை உடனே சாவதில்லை, அதுதான் ஆபத்து. அமெரிக்க வன இலாகாவைச் சேர்ந்த அலெக்ஸ் ஷைகோ என்ற விஞ்ஞானி ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து ஓர் உண்மையைக் கண்டார். மனித உடம்பில் புண் ஆறுவதுபோல் மரத்தில் ஆறுவதில்லை. கெட்டுப்போன பாகத்தைச் சுற்றி மரம் உள்ளுக்குள்ளே சுவர் எழுப்பிக்கொள்கிறது. அதற்கு வெளியே புதுக் கட்டையை வளர்க்கிறது. அந்தச் சுவர் எழும்புவதற்கு வசதியான இடம், கிளை தண்டோடு சேருமிடத்தில் சற்றே புடைத்திருக்கும் கழுத்து. அந்தக் கழுத்தைச் சேதப்படுத்தாமல், அதற்குச் சற்று வெளியே அறுக்க வேண்டும். தண்டோடு ஒட்ட அறுத்தாலும் கெடுதல். முழம் நீளத்துக்குக் குச்சியை விட்டுவைத்தாலும் கெடுதல். கனத்த கிளையானால் முதலில் அடிப்புறத்தில் ஒரு வெட்டுப் போட்டுக்கொண்டு, பிறகு அதைத் தாண்டி மேலிருந்து அறுத்துப் பாரத்தைக் குறைத்து, கடைசியில் கழுத்தருகே அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளை விழும்போது தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். வெட்டு வாயில் தார் பூசினால் அழுகல் நிற்கும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். நிற்காது.

தலையை மொட்டையடித்த மரம் என்ன செய்யும்? மூன்றே மாதத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர் விடும். "பார்த்தீர்களா, முன்னைவிட அடர்த்தியாகிவிட்டது!" என்று வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார். ஆனால் அந்தப் புதுப் போத்துக்கள் மேல் மரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பவை. வெட்டு வாயோ உள்ளே உளுத்துக்கொண்டிருக்கும். போத்து கனக்கக் கனக்க, பிடி தளரும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அத்தனைக்கும் தவறான வெட்டே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் காற்று எதையும் சாய்க்கும். ஆனால் கிளையும் வேரும் சரியாக இருக்கும் மரத்துக்கும், தலையை இழந்து, வேரைச் சாக்கடைக்குப் பறிகொடுத்து, கழுத்துவரை சிமெண்டு பூசப்பட்ட மரத்துக்கும் காற்றை எதிர்க்கும் பலம் ஒன்றாகுமா?

இதற்கு வழி என்ன? அமெரிக்காவில் கனெக்டிகட் ராஜ்யத்தார் 1919-லேயே, கூலிக்கு மரவைத்தியம் செய்கிறவர்களைப் பரீட்சிக்க ஒரு சபையை ஏற்படுத்தினார்கள். 1924-ல் அந்தச் சபை கூட்டிய மகாநாட்டிலிருந்து வளர்ந்ததுதான் இன்றுள்ள சர்வதேச மரவளர்ப்புச் சங்கம். 1992 முதல் அந்தச் சங்கம் பரீட்சை வைத்து அத்தாட்சி கொடுத்து வருகிறது. பரீட்சைக்கு உட்கார மூன்று வருஷ அனுபவம், அல்லது அதற்கு ஈடான படிப்பும் அனுபவமும், வேண்டும். அத்தாட்சி மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும். அதற்குள் மேலும் கற்றுக்கொள்ளாதவர் மறுபடி பரீட்சை எழுத வேண்டும். தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகத்தின் மர ஆய்வாளர்கள் இவ்வகை அத்தாட்சி பெற்றவர்கள்.

"அதெல்லாம் சீமைச் சங்கதி" என்று யாரும் சொல்ல வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் தென்னை ஏற ஆள் கிடைக்காத கஷ்டம் வந்தபோது, தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் "தென்னை மர நண்பர்கள்" என்ற திட்டத்தை ஆரம்பித்தது. ஆறு நாள் பயிற்சி; ஏறுவதற்கு ஓர் இயந்திரம்; விபத்துக்கு இன்ஷ்யூரன்ஸ். ஸ்திரீகள் பலரும் அதில் சேர்ந்து தேர்ச்சி பெற்றார்கள். ஆக, மரம் ஏறுகிறவருக்குப் பயிற்சியும் மதிப்பும் பாதுகாப்பும் கொடுப்பது நம் தேசத்தில் நடக்காத காரியம் அல்ல.

நம் சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. பனையை வெட்டுவதற்குக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் வெளியான வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். நல்ல காரியந்தான். மரத்தை வேரோடு வெட்டுவதற்கு அனுமதி கேட்கிறோம். ஆனால் உயிரோடு இருக்கும் மரத்தில் கத்தி வைக்கிறவருக்கு என்ன தெரியும் என்று மட்டும் கேட்பதில்லை. பல்லைப் பிடுங்குவதற்குப் பட்டம் வேண்டும். மோட்டார் ஓட்ட லைசென்ஸ் வேண்டும். ஊருக்கே நிழல் தரும் மரத்துக்கு ஒன்றும் வேண்டாமா?

இங்கே இரண்டு ஆட்சேபணைகள் எழலாம். முதலாவது, அத்தாட்சி என்று ஒன்று ஏற்பட்டால் அதை விலைக்கு வாங்குகிறவர்களும் ஏற்படுவார்கள் என்பது. வாஸ்தவம். ஆகவே பரீட்சை காகிதத்தில் நடக்கக் கூடாது. பலர் பார்க்க, மரத்தின் மேலேயே நடக்க வேண்டும். இரண்டாவது ஆட்சேபணைதான் எனக்கு உறுத்துகிறது. இங்கிலீஷில் கேள்வித்தாள் அச்சடித்துக் கட்டணமும் வசூலித்தால், எழுத்து வாசனை இல்லாத ஏழைத் தொழிலாளியின் கையிலிருந்து அரிவாள் பிடுங்கப்படும். பட்டணத்துக் கம்பெனி ஒன்று கண்டிராக்டை எடுத்துக்கொண்டு, அதே தொழிலாளியைப் பாதிக் கூலிக்கு மரத்தில் ஏற்றும். அத்தகைய அத்தாட்சி ஏற்படுவதைவிட ஏற்படாமலிருப்பதே மேல்.

ஆதலால் என்னுடைய அபிப்பிராயம் இது: பரீட்சை தமிழில், வாய்மொழியாகவும் செய்முறையாகவும் நடக்கட்டும். பயிற்சிக் காலத்தில் நாட்கூலி கொடுக்கட்டும். தேறியவருக்கு இன்ஷ்யூரன்ஸும் உயர்ந்த கூலியும் உண்டென்று நிச்சயமாகட்டும். தேறியவர் மேற்பார்வையில்லாமல் நகரசபையோ மின்சாரத்தாரோ தெரு மரத்தில் கை வைப்பதில்லை என்று விதி ஏற்படட்டும். பரீட்சகர் ஆசனங்களில் ஒன்றைத் தாவர சாஸ்திரம் படித்த பண்டிதருக்கும் மற்றொன்றை நம் சாத்தான்குளத்துப் பெரியவரைப் போன்றவருக்கும் கொடுக்கட்டும்.

ஊருக்குப் புறப்படுமுன் அந்தப் பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சீட்டுக் கொடுக்கட்டும் ஐயா, நல்லதுதான். ஆனா நான் மேலே இருக்கையிலே, கீழே நிக்கிறவுகளுக்கும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும். 'சட்டுப்புட்டுன்னு எல்லாத்தையும் வெட்டிப் போடு'ன்னு சொல்லுறது அவுகதானே?" என்றார்.

கீழே நிற்கிறவர்கள் நாம்தான், நேயர்களே! அத்தாட்சி வரும்போது வரட்டும். அதுவரையில் உங்கள் வாசல் மரத்துக்கு யாராவது அரிவாளோடு வந்தால், எந்தக் கிளை, எந்த இடத்தில், எதற்காக என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவருக்கு நாலு காசு கூடவே கொடுங்கள்.